தஞ்சை வட்டாரத்தில் தொலைக்காட்சிப் பழுதுநீக்கம்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையில் தொலைக்காட்சிப் பழுதுநீக்கம் 1980-களில் வேரூன்றிய ஒரு கைத்தொழில். வானொலி பழுதுபார்த்த கடைகளிலிருந்து அது பிறந்தது. கருப்பு-வெள்ளைப் பெட்டி, வண்ணப் பெட்டி, தட்டைத் திரை என மூன்று தலைமுறைக் கருவிகளை அது கையாண்டிருக்கிறது. இத்தொழிலில் மெக்கானிக்குகள் அதிகம் கேட்கும் முறையீடுகளில் ஒன்று, "டிவி தானா ஆஃப் ஆகுது, தானா ஆன் ஆகுது" என்பது. முறையீடு ஒன்றாக இருந்தாலும் அதன் காரணம் காலந்தோறும் இடம் மாறி வந்துள்ளது. முதலில் அது வீட்டுக்கு வெளியே, காற்றிலும் மின்கம்பியிலும் இருந்தது. பின்னர் பெட்டிக்குள் ஒரு சிறு உறுப்பில் வந்து நின்றது. இப்போது மென்பொருளையும் எட்டியிருக்கிறது. இந்த இடமாற்றத்தைப் பின்தொடர்ந்தால் வட்டாரத்தின் மின்சார வரலாறும் சேர்ந்தே தெரியவரும்.

பின்புலம்: ஆறும் மின்சாரமும்

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. அணையின் நீர்மின் நிலையம் 1937-ல் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து திருச்சி வழியாக நாகப்பட்டினம் வரை மின்பாதை நீண்டது. இவ்வாறு படுகைக்குப் பாசன நீர் தந்த அதே ஆறு மின்சாரமும் தந்தது.

நீண்ட காலம் ஆற்றுப் பாசனமே போதுமானதாக இருந்ததால் படுகையில் மின்மோட்டார்களின் தேவை குறைவாக இருந்தது. காவிரி நீர் வரத்து நிச்சயமற்றதாக மாறிய பின் வடிமுனைக் குழாய்க் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் பெருகின. 1984-ல் சிறு உழவர்களுக்கும், 1989-91 தி.மு.க. ஆட்சிக் காலத்தில் எல்லா உழவர்களுக்கும் வேளாண் மின்சாரம் கட்டணமில்லாமல் ஆக்கப்பட்டது. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கப்படாத ஆண்டுகளில் குறுவை நாற்றங்காலைக் காப்பாற்றப் பம்புசெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடின. வீட்டு விளக்குகளும் அதே மின்மாற்றியிலிருந்து மின்சாரம் பெற்றன. நெடுந்தூரம் போகும் தாழ்வழுத்தக் கம்பியின் கடைசி வீட்டில் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் அதைவிட மிகக் குறைவாகவே வந்தது. 'லோ வோல்டேஜ்' என்ற ஆங்கிலச் சொல் பள்ளி செல்லாதவர்களின் பேச்சிலும் இடம்பிடித்தது இதனால்தான்.

ஆன்டெனா காலம்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஆனால் சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த தஞ்சைக்கு அதன் அலைகள் எட்டவில்லை. படுகையின் கடலோரத்தில் பல வீடுகளுக்கு முதலில் வந்து சேர்ந்தது அண்டை நாட்டின் தொலைக்காட்சி. இலங்கையின் ரூபவாகினி 1982 பிப்ரவரியில் பிதுருதலாகல மலையுச்சியிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது. வடக்கே கொக்காவிலிலும் அதற்கு ஓர் அஞ்சல் நிலையம் இருந்தது. கொக்காவிலுக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே இருப்பது தாழ்நிலமும் கடலும். மறைக்க மலை கிடையாது. வேதாரண்யம், நாகப்பட்டினம், பட்டுக்கோட்டைப் பகுதிகளில் கூரைக்கு மேல் உயரமான இரும்புக் குழாய் நட்டு, ஆன்டெனாவைத் தெற்கே திருப்பி, பூஸ்டர் வைத்துப் படம் பிடித்தார்கள்.

அந்தப் படம் வரும், மங்கும், போகும், மீண்டும் வரும். பெட்டியில் பழுது என்று எண்ணி மெக்கானிக்கை அழைத்தவர்கள் உண்டு. உண்மையில் பழுது எதுவும் இல்லை. கடலின் மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்கு மேல் வெப்பக்காற்றும் அடுக்காகப் படியும்போது வானொலி அலைகள் ஒரு குழாய்க்குள் செல்வதுபோல வளைந்து, அடிவானம் தாண்டியும் பயணம் செய்யும். காற்றின் அடுக்கு கலைந்தால் படமும் கலையும். ஆகவே கோடைக்காலத்து மாலையில் தெளிவாக இருந்த நிகழ்ச்சி, மழை வந்ததும் வெறும் புள்ளிகளாக மாறியது. இதைத் தவிர உப்புக்காற்றில் துருப்பிடித்த ஆன்டெனா முனை, காற்றில் ஆடி உள்ளே அறுந்த கம்பி, பூஸ்டருக்குள் புகுந்த மழைநீர் ஆகியவையும் படத்தை வெட்டி வெட்டிக் காட்டின. 'பெட்டியைத் திறப்பதற்கு முன் கூரையைப் பார்' என்பது அக்கால மெக்கானிக்கின் முதல் பாடமாக இருந்தது.

ஈழப்போரில் 1990-ல் கொக்காவில் நிலையம் அழிந்தது. அதற்குள் தூர்தர்ஷன், 1984 முதல் நாடெங்கும் நிறுவிய சிறு திறன் ஒளிபரப்பிகளாலும் பின்னர் கொடைக்கானல் நிலையத்தாலும் தென்மாவட்டங்களுக்கு வந்துவிட்டிருந்தது. 1987-88-ல் ஞாயிறு காலை ஒளிபரப்பான ராமாயணத் தொடருக்காக ஊரே ஒரு வீட்டில் கூடிய நாட்களில், படம் அணைவது ஒரு வீட்டின் சிக்கலாக இருக்கவில்லை. பஞ்சாயத்துத் தொலைக்காட்சி நின்றால் மெக்கானிக்கை மிதிவண்டியில் வைத்து அழைத்து வரும் அளவுக்கு அது ஊர்ச் சிக்கலாக இருந்தது.

படக்குழாய்ப் பெட்டிகள்

சாலிடேர், டயனோரா போன்ற சென்னைத் தயாரிப்புகள் தமிழ்நாட்டின் முதல் தலைமுறைத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் முக்கியமானவை. மின்னழுத்தம் குறைந்தால் இவ்வகைப் பெட்டிகளில் படம் நான்கு பக்கமும் சுருங்கும். மேலும் குறைந்தால் பெட்டி அணையும். பம்புசெட் ஒன்று நின்று அழுத்தம் ஏறினால் பெட்டி மீண்டும் உயிர்பெறும். இதற்குத் தீர்வாக வந்த ஸ்டெபிலைசர், அழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் தன் ரிலேயை 'டக் டக்' என்று மாற்றிக்கொண்டது. அதன் எல்லைக்குக் கீழே அழுத்தம் போனால் அதுவே மின்சாரத்தைத் துண்டித்தது. அப்போது தொலைக்காட்சி அணைவதற்குக் காரணம், அதைக் காக்க வாங்கிய கருவியாகவே இருந்தது.

பெட்டிக்குள் இருந்த காரணங்களில் தலையாயது 'டிரை சால்டர்' எனப்பட்ட பற்றவைப்பு விரிசல். வண்ணப் படக்குழாய்க்கு இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலான அழுத்தம் தேவை. அதை உண்டாக்கும் 'எல்.ஓ.டி.' என்ற மின்மாற்றியைச் சுற்றிய பகுதி மிகவும் சூடாகும். அணைத்தால் குளிரும். ஆயிரக்கணக்கான முறை விரிந்து சுருங்கியதில் ஈயப் பற்றில் கண்ணுக்கு எளிதில் தெரியாத வளையம் போன்ற பிளவு விழும். பெட்டியின் தலையில் தட்டினால் படம் வரும் என்ற வீட்டு வழக்கத்துக்கு அடிப்படை இதுதான். தட்டும்போது பிளவுபட்ட முனைகள் ஒருகணம் தொட்டுக்கொள்ளும். சால்டரிங் இரும்பை அந்த இடத்தில் வைத்து எடுத்தாலே பழுது தீர்ந்துவிடும். உறுப்பு எதையும் மாற்ற வேண்டியதில்லை. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் வானொலி-தொலைக்காட்சி மெக்கானிக் பிரிவில் படித்தவர்களும், கடையில் உதவியாளராகச் சேர்ந்து கற்றவர்களும் இந்த அறிவைக் கொண்டு பிழைத்தார்கள்.

1993 ஏப்ரல் 14-ல் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின் கேபிள் இணைப்பு ஊர்களுக்குள் பரவியது. 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில், 2011-க்குள் தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வழங்கப்பட்டன. நடவும் அறுவடையும் செய்து வாழ்ந்த வேளாண் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே முதல் சொந்தத் தொலைக்காட்சி. அரசு கேபிள் நிறுவனத்தின் தொடக்ககாலக் கட்டுப்பாட்டு நிலையங்களில் ஒன்று தஞ்சாவூரில் அமைந்தது. பழுதுநீக்கக் கடைகளுக்கு இது செழிப்பான காலம்.

மின்வெட்டும் புயலும்

2012-ல் சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டின் பல பகுதிகளில் நாளொன்றுக்குப் பத்து மணிநேரத்துக்கும் மேல் மின்வெட்டு நிலவியது. அந்த ஆண்டு குறுவைக்கு ஜூன் 12-ல் மேட்டூரும் திறக்கப்படவில்லை. கருவிகளுக்கு மின்சாரம் இல்லாத நேரத்தைவிட மின்சாரம் திரும்பி வரும் கணமே ஆபத்தானது. வட்டாரத்தின் மோட்டார்களும் விசிறிகளும் ஒரே சமயத்தில் கிளம்பும்போது அழுத்தம் சரிந்து எழும். மின்சாரம் போனதும் தொலைக்காட்சியின் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்த பின் சில நிமிடம் பொறுத்துப் போடும் பழக்கத்துக்கு இது நல்ல காரணம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பகுதியின் தென்னந்தோப்புகள் அழிந்தன. உட்கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அவ்வளவு கம்பங்களையும் அவசரமாக நட்டுக் கம்பி இழுக்கும் சூழலில் இணைப்புகளின் தரம் எவ்வளவு முக்கியம் என்பதை விளக்க, நியூட்ரல் கம்பியைப் பற்றி அறிவது தேவை.

நியூட்ரல் அறுதல்

தெருவில் வரும் மின்பாதையில் மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு பொது நியூட்ரல் கம்பியும் உண்டு. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் இருக்கும். இரு ஃபேஸ்களுக்கு இடையே ஏறத்தாழ 400 வோல்ட் இருக்கும். பொது நியூட்ரல் அறுந்தாலோ இணைப்பில் தளர்ந்தாலோ, அதிக மின்சாரம் இழுக்கும் வீட்டில் அழுத்தம் தாழும். குறைவாக இழுக்கும் வீட்டில் 400 வோல்ட்டை நோக்கி ஏறும். விளக்கு மட்டும் எரியும் ஏழை வீட்டில்தான் கருவிகள் முதலில் கருகும்.

முழுதாக அறுவதற்கு முன் நியூட்ரல் சில அறிகுறிகளைக் காட்டும். மிக்சியோ மோட்டாரோ போடும்போது விளக்கு மங்காமல் திடீரென்று கூடுதலாகப் பிரகாசித்தால் நியூட்ரல் தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. தொலைக்காட்சி அணைந்து எரிவதும் அப்போது அதன் ஓர் அடையாளமே. அந்நிலையில் தொலைக்காட்சியைக் கடைக்குக் கொண்டுபோவது வீண் வேலை. முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குத் தெரிவிப்பதே செய்யவேண்டியது.

தட்டைத் திரை வந்தபின்

உலக விற்பனையில் 2007-ன் இறுதியில் எல்.சி.டி. தொலைக்காட்சி படக்குழாய்த் தொலைக்காட்சியை முந்தியது. படுகை ஊர்களில் அடுத்த பத்தாண்டுகளில் இம்மாற்றம் நிகழ்ந்தது. தட்டைத் திரையின் மின்வழங்கி, பரந்த அளவு அழுத்தத்தில் வேலை செய்யக்கூடியது. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் பெட்டிகள் சாதாரணம். எனவே பழைய லோ வோல்டேஜ் சிக்கல் பெருமளவு தணிந்தது. ஆனால் அணைந்து எரியும் முறையீடு மறையவில்லை. காரணம் மட்டும் பெட்டிக்குள் குடிபுகுந்தது.

தட்டைத் திரைத் தொலைக்காட்சியில் இரண்டு கட்டமாக மின்சாரம் எழுகிறது. பிளக்கைச் செருகியதும் சிறிய காத்திருப்பு மின்சாரம், பெரும்பாலும் 5 வோல்ட், செயலிக்குக் கிடைக்கும். சிவப்பு விளக்கு எரிவது இதனால்தான். ரிமோட்டை அழுத்தியதும் செயலி உத்தரவிட, 12 அல்லது 24 வோல்ட் முதன்மை மின்சாரம் எழும். இந்த மின்சாரத்தைச் சீராக்குவது மின்தேக்கி. கடைமொழியில் இதற்குக் கண்டென்சர் என்று பெயர். இதன் உள்ளே இருக்கும் மின்பகு திரவம் வெப்பத்தில் மெல்ல உலரும். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொது விதி. உலர்ந்த மின்தேக்கியால் முழுச் சுமையைத் தாங்க முடியாது. பின்விளக்கும் செயலியும் ஒன்றாக மின்சாரம் கேட்கும்போது அழுத்தம் சரியும். செயலி மயங்கி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். மறுபடி சரியும். இந்தச் சுழற்சியே வெளியில் 'அணைந்து எரிவதாக'த் தெரிகிறது. பலமுறை 'கிளிக்' என்று ஒலித்த பின் பெட்டி ஒருவழியாக ஓடத் தொடங்குவதும் உண்டு. மின்தேக்கி சூடானதும் அதன் உள்தடை சற்றுக் குறைவதே அதற்குக் காரணம்.

இச்சிக்கல் உலகளாவியது. 1999-க்குப் பின் சில ஆண்டுகள் தைவானில் தயாரான ஏராளமான மின்தேக்கிகள் குறைபாடுள்ள திரவத்தால் காலத்துக்கு முன்பே வீங்கி வெடித்தன. கணினித் துறையில் இது 'மின்தேக்கிக் கொள்ளைநோய்' எனப் பெயர்பெற்றது. தொலைக்காட்சிகள் தாமாக அணைந்து எரிவது பற்றி அமெரிக்காவில் தொடரப்பட்ட ஒரு வழக்கில், பழுதுகளைச் சரிசெய்து தர சாம்சங் நிறுவனம் 2012-ல் இணங்கியது. அங்கு வழக்காக முடிந்த பழுதைத் தஞ்சைப் பகுதிக் கடைகள் சில ரூபாய் விலையுள்ள உறுப்பை மாற்றித் தீர்த்தன. தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருக்கும் மின்தேக்கியைக் கழற்றி, அதே கொள்ளளவும் அதே அளவோ சற்றுக் கூடுதலாகவோ வோல்ட் தாங்குதிறனும் உள்ள, 105 பாகைக்கு உரிய புதியதைப் பற்றவைப்பதே அந்த வைத்தியம்.

எல்.இ.டி. பின்விளக்கு வந்தபின் வேறொரு காரணம் முன்னுக்கு வந்தது. திரைக்குப் பின்னால் பட்டைகளில் சிறு விளக்குகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அதில் ஒன்று அணைந்தால் அந்தத் தொடரே அணையும். சில மாடல்களில் பாதுகாப்புச் சுற்று பெட்டியையே அணைத்துவிடும். ஒலி மட்டும் வந்து படம் தெரியாதபோது, அறையை இருட்டாக்கி டார்ச் விளக்கைத் திரைமீது சாய்வாக அடித்தால் மங்கலான படம் தெரியும். தெரிந்தால் திரை நலமாக இருக்கிறது, பின்விளக்கே பழுது. ஸ்மார்ட் டிவிகளில் நிறுவனச் சின்னம் வரை வந்து மீண்டும் மீண்டும் தொடங்கும் சிக்கல், பெரும்பாலும் மென்பொருளையோ நினைவகச் சில்லையோ சார்ந்தது.

பழுது காணும் வரிசை

வெளியிலிருந்து உள்ளே செல்வது, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்குச் செல்வது என்ற வரிசையையே நல்ல மெக்கானிக்குகள் எல்லாத் தலைமுறைக் கருவிகளிலும் கடைப்பிடித்தனர். தட்டைத் திரைக்கு அது பின்வருமாறு அமையும்.

முதலில் அதே பிளக்கில் வேறொரு கருவியைப் போட்டுப் பார்த்தல். தளர்ந்த சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் இப்பழுதுக்கு மிகச் சாதாரணக் காரணங்கள். இரண்டாவது, வீட்டு விளக்குகளும் அதே சமயம் மினுக்குகின்றனவா என்று கவனித்தல். மூன்றாவது, ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பார்த்தல். அழுந்தி நின்ற ஒரு பொத்தான் ஓயாமல் கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கலாம். தொலைக்காட்சியின் பக்கவாட்டுப் பொத்தானுக்கும் இது பொருந்தும். நான்காவது, செட்டாப் பெட்டி உட்பட எல்லா வடங்களையும் நீக்கிவிட்டு இயக்குதல். எச்.டி.எம்.ஐ. வழியாக ஒரு கருவி இன்னொன்றை அணைக்கும் வசதி உண்டு. ஐந்தாவது, தானாக அணையும் நேரக் குறிப்பைப் பார்த்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் கழித்து மீண்டும் செருகுதல். ஸ்மார்ட் டிவியானால் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தல்.

இவ்வளவும் வீட்டார் செய்யக்கூடியவை. இதற்கு அப்பால் காத்திருப்பு விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்பதை எண்ணி வைத்துக்கொண்டால் மெக்கானிக்குக்கு உதவும். பல நிறுவனங்கள் அந்த எண்ணிக்கையையே பழுதுக் குறியீடாக வைத்திருக்கின்றன. மூடியைத் திறப்பது மெக்கானிக்கின் வேலை. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உள்ளே உள்ள பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கும் மேல் தங்கியிருக்கக்கூடும். அது உயிரைப் பறிக்கப் போதுமானது.

தொழிலின் மாற்றம்

தட்டைத் திரையோடு பழுதுநீக்கத்தின் இயல்பும் மாறியது. உறுப்பைத் தேடி மாற்றும் முறைக்குப் பதிலாகப் போர்டையே மாற்றும் முறை வந்தது. நிறுவனச் சேவை மையங்கள் பெரும்பாலும் போர்டு மாற்றத்தையே பரிந்துரைக்கின்றன. மாடல் பழையதாகி அந்தப் போர்டு கிடைக்காவிட்டால் புதிய தொலைக்காட்சி வாங்குவதே மிச்சமுள்ள வழியாகச் சொல்லப்படுகிறது. சுற்று வரைபடங்கள் வெளியாருக்குக் கிடைப்பதில்லை. உள்ளூர்க் கடைகள் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் கிடைக்கும் யுனிவர்சல் போர்டுகளையும், உடைந்த பெட்டிகளிலிருந்து கழற்றிய போர்டுகளையும் கொண்டு ஈடுகட்டின. திரை உடைந்தால் மாற்றுத் திரையின் விலை புதிய தொலைக்காட்சியின் விலையை நெருங்குவதால் அது பெரும்பாலும் பழுதுபார்க்கப்படுவதில்லை.

இதில் பண இழப்போடு அறிவின் இழப்பும் அடங்கியிருக்கிறது. மல்டிமீட்டரைக் கையில் வைத்து மின்சாரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று தேடத் தெரிந்தவர்கள் குறைகிறார்கள். கற்கவரும் இளைஞர்கள் கைபேசிப் பழுதுநீக்கத்துக்கும் கண்காணிப்புக் கேமரா நிறுவும் வேலைக்கும் செல்கிறார்கள். ஒரு மின்தேக்கியால் நின்ற தொலைக்காட்சி முழுதாகக் குப்பைக்குச் செல்கிறது. இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையவாயிலைத் தொடங்கியது. உழவுக் கருவிகள், கைபேசியும் மின்னணுப் பொருட்களும், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை அது உள்ளடக்கியது. 2023 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், பழைய கருவிகளை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது வைத்தன. உதிரிப்பாகமும் வரைபடமும் சிற்றூர்க் கடைவரை வந்து சேர்வதைப் பொறுத்தே இவற்றின் பயன் அமையும்.

மதிப்பீடு

2021 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டு உழவர்களுக்கு நாள் முழுவதும் மும்முனை மின்சாரம் வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. மின்மாற்றிகளும் பெருகியுள்ளன. தொலைக்காட்சியின் மின்வழங்கியும் மேம்பட்டுள்ளது. ஆயினும் அணைந்து எரியும் திரையைக் கண்டதும் எங்கே தேடுவது என்ற கேள்வி நீடிக்கிறது. படுகையின் நாற்பதாண்டு அனுபவம் இதற்குத் தரும் விடை எளியது. பெட்டியைக் குற்றம் சொல்வதற்கு முன் கூரையும் கம்பியும் பிளக்கும் விசாரிக்கப்பட வேண்டும். பெட்டியே காரணம் என்று உறுதியான பின்னும், அதைக் கழிவென்று ஒதுக்குவதற்கு முன் உள்ளிருக்கும் உறுப்புகள் ஒவ்வொன்றாக விசாரிக்கப்பட வேண்டும். முதல் பாதியை வீட்டார் தாமே செய்துகொள்ளலாம். இரண்டாம் பாதிக்கு ஊரில் ஒரு மெக்கானிக் கடை திறந்திருக்க வேண்டும்.